கம்பெனி போட்ட கோடு: நாஞ்சில் நாட்டு ரயில் யாருடையது?

நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வெளியே டீக்கடையில் நின்றால் அரைமணி நேரத்தில் இந்தப் பேச்சு காதில் விழும். “மண்ணு நம்ம மண்ணு, ஏறுற ஆளு நம்ம ஆளு, ஆபீசு மட்டும் அங்கல்லா இருக்கு ஓய்.” அங்கு என்றால் திருவனந்தபுரம். கன்னியாகுமரி மாவட்டத்தின் ரயில் பாதைகள் தெற்கு ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்துக்குள் வருகின்றன. அவற்றை மதுரைக் கோட்டத்தோடு சேர்க்க வேண்டும் என்பது இங்கு நாற்பது ஆண்டுப் பழசான கோரிக்கை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அதைச் சொல்வார்கள். தேர்தல் போனால் அதுவும் போய்விடும்.

இந்தப் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது: மலையாளிகள் நம்மை வஞ்சிக்கிறார்கள். 1956க்கு முந்தைய திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தின் நினைவு இன்னும் ஈரமாக இருக்கும் ஊரில் இப்படிப் பேசப்படுவது இயல்பு. ஆனால் ஒரு சின்ன விவரம் இந்தக் கதையைக் குழப்பிவிடுகிறது. செங்கோட்டையிலிருந்து மலை ஏறி இறங்கி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வழியாகக் கொல்லம் போகும் பாதை இருக்கிறதே, அதன் பெரும்பகுதி கேரளத்துக்குள் ஓடுகிறது. அது மதுரைக் கோட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டு இரணியலில் நடைமேடைக்குக் கூரை வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டும். கேரளத்து ஆரியங்காவில் கூரை வேண்டுமென்றால் மதுரைக்கு எழுத வேண்டும். அங்கேயும் இதே முறையீடு உண்டு, திசைதான் வேறு.

இதை மொழிப் பகைமையால் விளக்க முடியாது. மாநில எல்லையால் விளக்க முடியாது. இந்தக் கோடுகளைப் போட்டவர்கள் செத்து வெகுநாளாகிறது. அவர்களுடைய கம்பெனிகளும் இல்லை. கோடு மட்டும் இருக்கிறது. எப்படி இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1

இந்திய ரயில்வேயின் தொடக்கத்தை ‘தொழில்நுட்பத்தின் வருகை’ என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது முதலில் ஒரு நிதி ஏற்பாடு. லண்டனில் கம்பெனி பதிவாகும். பங்குதாரர்கள் பணம் போடுவார்கள். நிலத்தை இந்திய அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம். குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து, அதாவது நம்முடைய நிலவரியிலிருந்தும் உப்பு வரியிலிருந்தும், அரசு ஈடுகட்டும். நட்டம் பொதுவுடைமை, லாபம் தனியுடைமை. தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்திர தத்தும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது இதைத்தான். தத் இன்னும் ஒருபடி மேலே போய், ரயிலுக்குக் கொட்டும் பணத்தை நீர்ப்பாசனத்துக்குப் போடு என்றார். இந்த வாதம் நாஞ்சில் நாட்டுக்கு விசேஷமாகப் பொருந்துகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

மார்க்ஸ் 1853இல் நியூயார்க் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில், இரும்பும் நிலக்கரியும் உள்ள ஒரு நாட்டில் ரயிலைக் கொண்டுவந்துவிட்டால் நவீனத் தொழிலை அங்கு தடுக்க முடியாது என்று எதிர்பார்த்தார். நம் இடதுசாரி நண்பர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்நிய நுகம் கழற்றப்படும்வரை இதன் பலனை இந்தியர்கள் அறுவடை செய்யமாட்டார்கள் என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதியிருந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

தென்னாட்டில் இரண்டு கம்பெனிகள். ஒன்று மதராஸ் ரயில்வே. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை 1862இல் போய்ச் சேர்ந்தது. அகலப்பாதை, 5 அடி 6 அங்குலம். மற்றொன்று, நாகப்பட்டினம்–திருச்சி பாதையை 1860களின் தொடக்கத்தில் போட்ட கிரேட் சதர்ன் கம்பெனி. அதுவும் கர்னாடிக் ரயில்வேயும் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனியாயின. ஜனங்கள் வாயில் ‘எஸ்.ஐ.ஆர்.’. 1870இல் மேயோ பிரபு காலத்தில் செலவைக் குறைக்க மீட்டர்கேஜ் என்ற குறும்பாதையை அரசு தேர்ந்தெடுத்தது. எஸ்.ஐ.ஆர். தான் போட்டிருந்த அகலப்பாதையைக்கூடப் பிடுங்கிக் குறும்பாதையாக மாற்றியது. மதுரை, தூத்துக்குடி, மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலி என்று 1876இல் அது தெற்கே வந்து சேர்ந்தது. தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டும் அதுதான்.

இந்த இரண்டு அளவுகளையும் வாசகர் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். மேற்கே மதராஸ் ரயில்வேயின் அகலம், கிழக்கே எஸ்.ஐ.ஆரின் குறுக்கம். டீக்கடைச் சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. 1890 முடிவில் அரசாங்கம் எஸ்.ஐ.ஆரை விலைக்கு வாங்கிவிட்டது. வாங்கி, 1891 முதல் புதிதாகப் பதிவான அதே பெயருள்ள கம்பெனியிடம் நடத்தக் கொடுத்தது. அன்றிலிருந்து 1944 வரை பாதை அரசாங்கத்தினுடையது, ஓட்டம் கம்பெனியினுடையது. உடைமையும் நடத்துதலும் இப்படிப் பிரிந்து கிடப்பது ஏதோ 2020க்குப் பிறகு வந்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்த 53 ஆண்டுகளைக் கொஞ்சம் பார்க்கலாம்.

2

திருநெல்வேலியில் 1876இல் ரயில். அங்கிருந்து நாகர்கோவில் சுமார் 74 கிலோமீட்டர். நடுவில் மலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை முடிவதற்கு முன்னால் ஆரல்வாய்மொழியில் கதவைத் திறந்துவிட்டதுபோல் ஒரு கணவாய். மாட்டுவண்டி போகும், காற்றுப் போகும் (இன்று முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்), 1809இல் வேலுத்தம்பியின் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தது. ரயில் கம்பெனி மட்டும் வரவில்லை. அந்த 74 கிலோமீட்டரைக் கடக்க ரயிலுக்கு 105 ஆண்டுகள் பிடித்தன. 1981இல்தான் வந்தது.

திருவிதாங்கூருக்குள் ரயில் நுழைந்தது இன்னொரு கணவாய் வழியாக. திருநெல்வேலி–கல்லிடைக்குறிச்சி 1902, செங்கோட்டை 1903, மலையைக் குடைந்து 1904 நவம்பரில் கொல்லம். குகைகள், பாலங்கள், பதிமூன்று கண்ணறைப் பாலம் என்று இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் பாதை. திருவிதாங்கூர் அரசும் மதராஸ் அரசும் எஸ்.ஐ.ஆர். கம்பெனியும் சேர்ந்து போட்டது. சுலபமான கணவாயை விட்டுவிட்டு எதற்காக இத்தனை சிரமப்பட்டு மலையைக் குடைந்தார்கள்?

கொல்லம் துறைமுகம், புனலூர் மலைச்சரக்கு, காகித ஆலை, தேயிலைத் தோட்டங்கள். ரயில் ஜனங்களைத் தேடிப் போகவில்லை, சரக்கைத் தேடிப் போயிற்று. நாஞ்சில் நாட்டில் அப்போது என்ன இருந்தது? நெல் இருந்தது. தென்னையும் பனையும் உப்பும் மீனும் இருந்தன. கொளச்சலில் ஒரு துறைமுகம் இருந்தது. ஆனால் எஸ்.ஐ.ஆருக்குத் தூத்துக்குடி ஏற்கெனவே கையில். ஒரு கம்பெனி தன் துறைமுகத்துக்குப் போட்டியாக இன்னொரு துறைமுகத்தை எதற்காக வளர்க்கும்? இது என் ஊகம்தான். ஆனால் கொளச்சலுக்கு இன்றுவரை ரயில் போகவில்லை.

தத் சொன்ன நீர்ப்பாசனம் இங்கே வருகிறது. கொல்லத்துக்கு ரயில் வந்த அதே ஆண்டுகளில் திருவிதாங்கூர் அரசு கோதையாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தது. மிஞ்சின் துரை கட்டிய பேச்சிப்பாறை 1906இல் முடிந்தது. ஸ்ரீமூலம் திருநாளின் சமஸ்தானம் வடக்குக்கு ரயிலையும் தெற்குக்குத் தண்ணீரையும் கொடுத்தது எனலாம். நாஞ்சில் நாடு சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம்; களஞ்சியத்துக்குத் தண்ணீர் போதும், ரயில் எதற்கு? கேட்கக் கசப்பாக இருக்கலாம். ஆனால் ரயிலா தண்ணீரா என்று அன்றைய வயக்காட்டுக்காரனைக் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. (நெல்லில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி தனி.)

போக்குவரத்தில் சமஸ்தானம் தெற்கைக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1860இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்க வேண்டும் என்று வெட்டப்பட்டது. பூவாறிலிருந்து மண்டைக்காட்டுப் பக்கம் வரை வந்து பாதியில் நின்றது. இன்று மிச்சமிருப்பது சாக்கடையும் ஆக்கிரமிப்பும்தான். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சிமெண்ட் ரோடு வந்தது. 1938இல் திருவிதாங்கூர் அரசே பஸ் ஓட்ட ஆரம்பித்தது. அரசுப் பேருந்து என்பதைச் சுதந்திரத்துக்குப் பின் வந்த சோஷலிசத்தின் கொடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்; இங்கே அது ஒரு மகாராஜாவின் சர்க்கார் நடத்திய தொழில்.

ரயிலும் அப்படி நடந்த இடங்கள் உண்டு. பக்கத்துக் கொச்சியில் ராஜா, திருப்பூணித்துறை கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டி ஷொரனூர்–எர்ணாகுளம் பாதையை 1902இல் கொண்டுவந்தார் என்பது தெரிந்த கதை. பாதை ராஜாவுடையது, ஓட்டியது முதலில் மதராஸ் ரயில்வே, பிறகு எஸ்.ஐ.ஆர். தஞ்சாவூரில் ஜில்லா போர்டு நிலத்தின் மேல் வரி போட்டு, 1894இல் மாயவரம்–முத்துப்பேட்டை பாதையைத் தன் சொந்தமாகப் போட்டது. ஒரு ஜில்லாவின் மக்கள் சொந்த வரியில் சொந்த ரயில்! உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் போர்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், மிராசுதாரர்கள்தானே, ஓட்டியது எஸ்.ஐ.ஆர்.தானே. சொந்தம் என்ற சொல்லுக்குள் எத்தனை பேரை அடைக்க முடியும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கொல்லத்திலிருந்து ரயில் தெற்கே நகர்ந்து 1918இல் திருவனந்தபுரம் சாலைக்கும், 1931இல் தம்பானூருக்கும் வந்தது. அதோடு நின்றது. கிழக்கே திருநெல்வேலி, மேற்கே திருவனந்தபுரம், இரண்டும் ஒரே கம்பெனியின் முனைகள். நடுவில் நாகர்கோவில், ரயில் சத்தம் கேட்காத ஊர். எங்கள் தாத்தாமார் தலைமுறையில் மெட்ராஸ் போவது என்றால் திருநெல்வேலி வரை பஸ். அங்கே ஜங்ஷனில் ஏறினால் அடுத்து மணியாச்சி. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட இடம். வாஞ்சி செங்கோட்டைக்காரன், புனலூரில் திருவிதாங்கூர் காட்டிலாகாவில் வேலை. கொல்லம் பாதை சரக்கை மட்டும் கொண்டுபோகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3

உடைமை கைமாறிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1921இல் ஆக்வொர்த் குழு அரசே ரயிலை நடத்தலாம் என்றது. 1924இல் ரயில்வே பட்ஜெட் தனியாகப் பிரிந்தது (2017இல் மறுபடி பொது பட்ஜெட்டோடு சேர்ந்தது). எஸ்.ஐ.ஆர். 1944இல் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 1950இல் சமஸ்தானங்களின் ரயில்வே மத்திய அரசுக்குப் போயிற்று. 1951 ஏப்ரல் 14இல் எஸ்.ஐ.ஆர்., மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா, மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயின.

கைமாற்றங்கள் கீழே வேலை செய்தவனுக்கு என்ன செய்தன? நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ததை எதிர்த்து 1928இல் எஸ்.ஐ.ஆர். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர் சிறைக்குப் போனார். அப்போது முதலாளி கம்பெனி. 1946 செப்டம்பர் 5இல் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு, ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். அப்போது நிர்வாகம் அரசாங்கம், ஆனால் வெள்ளை அரசாங்கம். 1974 மேயில் நாடு தழுவிய வேலைநிறுத்தம், ஆயிரக்கணக்கில் கைது, வேலைநீக்கம். அப்போது நம் சொந்த அரசாங்கம். ‘அரசுடைமை’ என்ற சொல்லை நாம் ஒரு மந்திரம்போல் உச்சரித்து வந்திருக்கிறோம். அரசு வாங்கிவிட்டால் மக்களுடையது ஆகிவிடும் என்பது மந்திரத்தின் இரண்டாவது வரி. 1928, 1946, 1974 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இரண்டாவது வரி தொண்டையில் சிக்கும்.

அதற்காக, யாரிடம் இருந்தால் என்ன என்று சொல்லவரவில்லை. 1944க்கு முன் நாகர்கோவிலுக்கு ரயில் வேண்டுமென்று கேட்டவன் லண்டன் பங்குதாரனின் கணக்குக்குள் அடங்க வேண்டும். 1951க்குப் பின் ஓட்டு என்ற ஒன்றைக் காட்டிக் கேட்கலாம். கேட்டார்கள், கிடைத்தது. காமராஜர் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்தபோது, 1972இல், இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1979 ஏப்ரலில், திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி 87 கிலோமீட்டர் பாதை திறக்கப்பட்டது. நாகர்கோவில்–திருநெல்வேலி 1981 ஏப்ரலில். எந்தக் கம்பெனியும் போட்டிருக்காத பாதை இது.

4

இப்போது கோட்டத்துக்கு வருவோம்.

தெற்கு ரயில்வேயின் கோட்டங்கள் 1956இல் பிரிக்கப்பட்டன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்ட அதே ஆண்டு. நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. மாநில எல்லை மொழியைப் பார்த்துப் போட்டது. ரயில் கோட்டத்தின் எல்லை எதைப் பார்த்துப் போட்டது? பழைய கம்பெனிப் பாதைகளையும் அவற்றின் அளவையும். ஜோலார்பேட்டையிலிருந்து மங்களூர் வரையான பழைய மதராஸ் ரயில்வே அகலப்பாதை (1908இல் எஸ்.ஐ.ஆர். கைக்கு வந்தது) ஒலவக்கோடு கோட்டம், பின்னாளில் பாலக்காடு. கோயம்புத்தூரும் திருப்பூரும் ஈரோடும் கேரளத்திலிருந்து ஆளப்பட்டதன் காரணம் மலையாளிகளின் சூழ்ச்சி அல்ல, 1862இல் ஒரு கம்பெனி போட்ட கோடு. எஸ்.ஐ.ஆரின் தெற்குக் குறும்பாதைகள் மதுரைக் கோட்டம். அதில் கொல்லம், திருவனந்தபுரம் எல்லாம் அடக்கம். அன்றைக்குத் திருவனந்தபுரத்துக்காரன் மதுரைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தான் என்பதை நம்மவர்கள் யாரும் சொல்வதில்லை.

1976இல் எர்ணாகுளம்–கொல்லம்–திருவனந்தபுரம் அகலப்பாதையாக மாறியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த பழைய மதராஸ் ரயில்வேயின் அகலம் கேரளம் முழுவதும் இறங்கி, 1979இல் நம் குமரிமுனையைத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபர் 2இல் திருவனந்தபுரம் கோட்டம் பிரிந்தது. அகலப்பாதைகள் அதற்கு, கொல்லம்–செங்கோட்டை குறும்பாதை பழைய மதுரைக்கே. 1981இல் நாகர்கோவில்–திருநெல்வேலி அகலப்பாதை வந்தபோது திருநெல்வேலிக்கு வடக்கே மதுரை, சென்னைப் பாதை இன்னும் மீட்டர்கேஜ். மெட்ராஸுக்கு மதுரை வழி போகவேண்டுமென்றால் இறங்கி வண்டி மாற வேண்டும். ஆகவே திருநெல்வேலியின் வாசல்வரை வந்த அகலப்பாதை முழுவதும் திருவனந்தபுரத்தோடு போயிற்று. இதுதான் அதன் தர்க்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். எஞ்சினும் பெட்டியும் பட்டறையும் எந்த அளவோ, அந்த அளவுக்காரனிடம் பாதை.

1992இல் ஒரே அளவுத் திட்டம் வந்தது. 1990களின் கடைசியில் சென்னை வரை அகலப்பாதை. கொல்லம்–புனலூர் 2010இல், புனலூர்–செங்கோட்டை 2018இல் அகலமாயின. அளவு வேறுபாடு என்ற காரணம் முழுவதுமாகச் செத்தது. அதன்மேல் கட்டிய எல்லை 2018க்குப் பிறகும் அசையவில்லை. அதிகாரம் என்பது பெரும்பாலும் இப்படித்தான்: யாரும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, யாரும் எடுக்காமல் இருந்தால் போதும்.

எடுக்க முடியாதா என்றால் முடியும். 2007 நவம்பர் 1இல் பாலக்காடு கோட்டத்திலிருந்து சேலம் கோட்டம் பிரிக்கப்பட்டது. அப்போது ரயில்வே இணை அமைச்சர் தமிழகத்தைச் சேர்ந்த ஆர். வேலு. கேரளத்தில் பெரிய எதிர்ப்பு. பாலக்காட்டுக்கு ஒரு பெட்டித் தொழிற்சாலை என்று சமாதானம் சொன்னார்கள். கோயம்புத்தூர் போயிற்று, நாகர்கோவில் போகவில்லை. கோயம்புத்தூரில் ஆலைகள், கணிசமான சரக்கு வருமானம். நம்மிடம் பயணிகளும் ஓட்டும். 1904இல் கொல்லத்துக்கும் நமக்கும் இருந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இதுவேதான்.

5

கோட்டம் மாறினால் என்ன கிடைக்கும் என்று நிதானமாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். கோட்டம் வெறும் ஆபீஸ் அல்ல. எந்த வண்டி எங்கே நிற்கும் என்று முன்மொழிவது, பெட்டிகளை எங்கே நிறுத்திக் கழுவிப் பராமரிப்பது, நடைமேடை, கூரை, கக்கூஸ், பார்க்கிங் குத்தகை, கீழ்நிலை வேலை இவையெல்லாம் அங்கே தொடங்குகின்றன. திருவனந்தபுரத்தில் இடமில்லாத வண்டிகள் நாகர்கோவிலிலும் கன்னியாகுமரியிலும் வந்து படுக்கின்றன, திருநெல்வேலி, மதுரைப் பக்கம் போகிற பகல் வண்டிகள் குறைவு என்பது இங்குள்ள நெடுநாள் புகார். அதில் நியாயம் இருக்கிறது. தலைநகரத்தின் வால்பகுதியாக இருப்பதன் விளைவு இது.

மதுரையோடு சேர்ந்தால் தலைப்பகுதி ஆகிவிடுவோமா? மதுரைக்கு நாம் இன்னும் தூரத்து வால். திருவனந்தபுரம் 71 கிலோமீட்டர், மதுரை அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ‘அங்க போனா தமிழ்ல பேசலாம்ல’ என்கிறார்கள். பேசலாம். மனு தமிழில் இருக்கும், பதில் இங்கிலீஷில் வரும். புனலூர்க்காரர் மலையாளத்தில் கேட்க முடியாமல் தவிப்பதும் இதே தவிப்புதான். நமக்கு அவர்மேல் கோபம் வருவதற்குக் காரணமே இல்லை. நாஞ்சில் நாட்டுக் கோரிக்கையும் புனலூர்க் கோரிக்கையும் ஒரே மேஜைக்கு, ஒரே காகிதத்தில் போயிருக்க வேண்டியவை. இருபக்கமும் ஒன்று கொடுத்து ஒன்று வாங்கும் வேலை. இரண்டு பக்கத்து அரசியல்வாதிகளும் இதைச் செய்யாததற்குக் காரணம் எளிது: எதிரி இல்லாத கோரிக்கைக்குக் கூட்டம் சேராது.

விளவங்கோட்டிலும் கல்குளத்திலும் மலையாளம் பேசும் குடும்பங்கள் கணிசமாக உண்டு. தினமும் திருவனந்தபுரம் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். குழித்துறையில் காலையில் ஏறுகிற தமிழ்க் கொத்தனாரிடம் கோட்டம் மாற்ற வேண்டுமா என்று கேட்டால், “காலத்த வண்டி நேரத்துக்கு வந்தா போதும்ணே” என்பார். மாவட்டம் முழுக்க ஒரே குரலில் கேட்பதாகச் சொல்லும்போது இவரையும் கணக்கில் எடுத்தோமா என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் கோட்டம் மாறட்டும் என்பேன். ஆனால் மொழியின் பேரால் அல்ல. ஊர் சார்ந்த முடிவுகளில் ஊருக்கு ஒரு குரல் வேண்டும் என்ற பேரில். இப்போது இருப்பவை கோட்டத்தின் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள். ஆலோசனை சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. அந்த வகையில் தஞ்சாவூர் ஜில்லா போர்டின் மிராசுதாரர்களே மேல். அவர்களிடம் பத்திரமாவது இருந்தது.

6

நாம் கோட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் உடைமை வேறு வழியாக நகர்ந்துகொண்டிருக்கிறது.

நாகர்கோவிலில் நிற்கும் பெட்டி யாருடையது? ‘ரயில்வேயுடையது’ என்போம். 1986இல் இந்திய ரயில்வே நிதிக் கழகம் என்று ஓர் அரசுக் கம்பெனி தொடங்கப்பட்டது. அது சந்தையில் கடன் வாங்கி எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாங்கும். ரயில்வே அவற்றுக்கு வாடகை கொடுத்து ஓட்டும். பட்ஜெட் பணத்தில் வாங்காத பெட்டிகள் பெரும்பாலும் இப்படி வந்தவை. அந்தக் கழகம் 2021இல் பங்குச்சந்தைக்கு வந்தது. வாஞ்சி மணியாச்சியிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை வேலையைச் செய்தது ரயில் விகாஸ் நிகம். அது 2019இல் பங்குச்சந்தைக்கு வந்தது. பாதையின் முக்கியப் பகுதிகள் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டன, ஆகஸ்டில் சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. நல்லதுதான், சீக்கிரம் போகலாம். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு அன்ரிசர்வ்டு பெட்டி எங்கே என்று தேடுகிறவர்களுக்கு அந்த வண்டியில் இடமில்லை என்பதும் உண்மை.

2020 ஜூலையில் 109 ஜோடி வழித்தடங்களில் 151 தனியார் வண்டிகள் ஓட்ட ரயில்வே டெண்டர் விட்டது. 35 ஆண்டு உரிமை, பாதை அரசுடையது, வண்டி தனியாருடையது. 1891 ஒப்பந்தத்தின் பேரப்பிள்ளை. கேட்க ஆளில்லாமல் 2021இல் அது விழுந்தது. ஏன் விழுந்தது? பழைய கம்பெனிக்கு 5 சதவீத உத்தரவாதம் இருந்தது, புதியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. நட்டத்தைத் தாங்க அவர்கள் தயாராக இல்லை. அதே 2021 ஆகஸ்டில் வந்த தேசியப் பணமாக்கல் திட்டத்தில் 400 ரயில் நிலையங்கள், 90 பயணிகள் வண்டிகள், ஊட்டி உள்ளிட்ட மலை ரயில்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. விற்பனை இல்லை, குத்தகை என்று விளக்கம் சொன்னார்கள். 1891இலும் விற்கவில்லை.

இரணியலுக்கும் குழித்துறைக்கும் நடுவில் இரட்டைப் பாதைக்காக இன்னொரு முறை கல் நட்டார்கள். 1970களில் ஒருமுறை வயலும் தென்னந்தோப்பும் கொடுத்த சில குடும்பங்களே இப்போது வீட்டு முற்றத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது. முதல்முறை கையெழுத்து வாங்கியபோது சொன்ன சொல், ‘சர்க்காருக்கு’. இரண்டாம் முறையும் அதே சொல்தான்.